எடை கேட்கிறவர்

வணக்கம் சொன்னால் திருப்பி வணக்கம் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆளை உச்சியிலிருந்து பாதம்வரை ஒருமுறை பார்ப்பார். பிறகு, “எத்தன கிலோ இருப்பீரு?” என்று கேட்பார்.

நாங்கள் குடிவந்த அன்றே என்னிடம் கேட்டார். லிஃப்டுக்குள் நான், என் மனைவி, மகள், சாமான் தூக்கும் ஆட்கள் மூன்று பேர், கிரைண்டர், என் கடையிலிருந்து கொண்டுவந்த பருப்பு மூட்டை இரண்டு எல்லாம் நெருக்கியடித்து நின்றோம். கதவு மூடப்போகும் சமயத்தில் ஒரு கை குறுக்கே நீண்டது. எழுபதை ஒட்டிய வயது, இடுப்பில் கட்டம் போட்ட சாரம், கையில் ஒரு ஊன்றுகோல். எல்லோரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

எனக்குப் பசி நேரம். எரிச்சலில் “எண்பத்திரண்டு” என்றேன். வயிற்றை எக்கிக்கொண்டுதான் சொன்னேன். அவர் லிஃப்டின் சுவரில் திருகியிருந்த தகட்டைப் பார்த்தார். எட்டுப் பேர், ஐந்நூற்று நாற்பத்து நான்கு கிலோ என்று அதில் போட்டிருந்தது.

“நீரு சொன்ன எடைன்னா மேல போவலாம். நீரு நிக்குத எடைன்னா போவக் கூடாது. இறங்கும்.”

இறங்கினேன். என் மனைவி சிரித்த சிரிப்பு மூன்றாவது மாடிவரை கேட்டது. மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டே, இந்த மனுஷனோடு நமக்கு ஒத்துவராது என்று முடிவு செய்தேன். அன்று என் உண்மையான எடை எவ்வளவு என்பது எனக்கும் என் கடைத் தராசுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

நாங்கள் குடிபோன இடம் பழைய துறைமுகத்தை ஒட்டிய உப்பு வார்ஃப். ஒரு காலத்தில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகும் தோணிகளில் அங்கிருந்துதான் உப்பும் வெங்காயமும் ஏற்றினார்கள். வெகுநாள் பூட்டிக்கிடந்ததை ஒரு கட்டுமானக்காரர் வாங்கினார். சரக்குக் கிட்டங்கிகளின் பழைய சுவர்களை வைத்துக்கொண்டே மூன்று மாடிக்கு ஃபிளாட் எழுப்பினார். சுங்கக் கொட்டகை ஏசி ஹோட்டல் ஆனது. தண்ணீருக்கு மேல் தூண்களில் நிற்கும் நீளமான தளத்தில் வழவழவென்று கல் பதித்து, விளக்கும் நாற்காலியும் போட்டதும், ஊரே வந்து நின்று படம் பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயரும் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் முழிப்பார். உப்பு வார்ஃப் என்றால்தான் கொண்டுவந்து விடுவார்.

தளத்தின் ஓரத்தில் பழைய கிரேன் ஒன்றை மஞ்சள் பெயின்ட் அடித்து அழகுக்கு நிறுத்தியிருந்தார்கள். அதை முப்பது வருஷம் ஓட்டியவர் அவர்தான். வெளிநாட்டில் இருக்கும் மகன் ஃபிளாட் வாங்கி அப்பாவை அங்கேயே குடிவைத்தான். வேலை பார்த்த இடத்திலேயே வீடு, கொடுத்துவைத்தவர் என்று ஆள் ஆளுக்குச் சொன்னார்கள். அவர் அந்தக் கிரேன் பக்கம் திரும்பி நான் பார்த்ததில்லை. ஒருமுறை கேட்டதற்கு, பழைய இரும்புக்குப் போட்டிருக்க வேண்டிய சனியனைப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள் என்றார். அவர் ஏரல் பக்கத்து வயல்காரக் குடும்பம். பிழைப்புக்குத்தான் கடற்கரைக்கு வந்தார். கடலில் கால் நனைத்ததே இல்லை என்பதைப் பெருமையாகச் சொல்வார்.

அங்கே அவருக்குப் பிடித்த ஒரே பொருள் லிஃப்ட். அதிலும் அந்தத் தகடு.

“தூக்குதவன் தன்னால எவ்வளவு முடியும்னு எழுதிப் போட்டிருக்கான் பாத்தீரா? அவன் யோக்கியன். ஏறுதவன்தான் பொய் சொல்லுதான்.”

அவர் எடை கேட்காத ஆள் கிடையாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், கிரகப்பிரவேசத்துக்கு வந்த ஐயர், மாடியில் உடற்பயிற்சி சொல்லித்தருபவர் எல்லோரும் அவருக்குக் கணக்குச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்களை லிஃப்ட் வாசலில் மடக்கி மாப்பிள்ளையின் எடையைக் கேட்டுவிட்டார். மாப்பிள்ளை அறுபத்தைந்து என்றான். பையன் எழுபதுக்குக் குறையமாட்டான், இதிலேயே பொய் சொன்னால் மற்றதில் எப்படி என்று பெண்ணின் அப்பாவிடமே சொன்னார். அந்தச் சம்பந்தம் தட்டிப்போனதற்கு அவர்தான் காரணம் என்று அந்த வீட்டில் இன்றுவரை பேச்சு. சாயங்காலம் தளத்தில் காற்று வாங்க உட்கார்ந்திருப்பவர்கள், அவர் கோலை ஊன்றிக்கொண்டு வருவதைப் பார்த்தால் அவசர வேலை வந்ததுபோல் எழுந்துபோவார்கள். நானும் எத்தனையோ முறை அப்படி எழுந்துபோயிருக்கிறேன்.

அவர் ஏன் அப்படி ஆனார் என்பது என் கடையில் வைத்துத்தான் தெரிந்தது. எனக்குப் பருப்பு மொத்த வியாபாரம். மூட்டை நிறுக்கும் பெரிய தராசு கடை வாசலில் இருக்கும். மாதம் ஒருமுறை வந்து அதில் ஏறி நிற்பார். தன் எடையையும் சந்தேகப்படுகிற மனுஷன். ஒருநாள் தராசில் நின்றபடியே, நான் ஒன்றும் கேட்காதபோது, சொன்னார்.

ஏதோ ஆலைக்கு வந்த இயந்திரம் ஒன்று, மரப்பெட்டியில். பெட்டிமேல் இரண்டு டன் என்று எழுதியிருந்ததாம். அதை நம்பித் தூக்கினார். கூலியைக் குறைக்க யாரோ எடையைக் குறைத்து எழுதியிருந்தார்கள். உண்மையில் மூன்றேகால் டன். பாதி உயரத்தில் கயிறு அறுந்தது. கீழே நின்று கையாட்டி சிக்னல் காட்டியவர் அவருடைய ஊர்க்காரர், ஒன்றாக வேலைக்கு வந்தவர்.

“கடைசி வரைக்கும் கைய ஆட்டிக்கிட்டே நின்னான் வே.”

அவ்வளவுதான் சொன்னார். தராசிலிருந்து இறங்கினார். நான் அவருக்கு ஒரு டீ சொன்னேன். டீயைக் குடித்து முடித்ததும், வழக்கம்போல என் எடையைக் கேட்டார். அந்தக் கதையைக் கேட்ட பிறகும் எண்பத்திரண்டு என்றுதான் என் வாய் சொன்னது. அவர் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

இதற்கிடையில் நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆகியிருந்தேன். வேலியில் போன ஓணானை மடியில் எடுத்துவிட்டுக்கொண்ட கதைதான். யாரும் நிற்க முன்வராத பதவியில் என்னை உட்காரவைத்துவிட்டார்கள். தண்ணீர் வரவில்லை என்றாலும் நாய் குரைத்தது என்றாலும் எனக்குத்தான் போன். அந்த வருஷம் ஆண்டுவிழாவைத் தளத்தின்மேலேயே வைப்பது என்று முடிவானது. மேடை, பிள்ளைகள் நடனம், சாப்பாடு எல்லாம் அங்கேதான்.

விழாவுக்கு முந்தின நாள் அவர் ஏரலுக்குக் கிளம்பினார், கோயில் கொடை விழாவுக்கு. போகும்போது லிஃப்டில் ஒட்டியிருந்த விழா அறிவிப்பைப் படித்திருக்கிறார். பஸ்ஸிலிருந்து எனக்குப் போன் வந்தது. பஸ் சத்தத்தில் கத்திப் பேசினார். நாலாவது கண்ணில் பாரம் ஏற்றக் கூடாது என்றார்.

பாலத்துக்குச் சொல்வதுபோல, இரண்டு தூண்வரிசைக்கு நடுவே உள்ள பாகத்தை அந்த வார்ஃபில் கண் என்பார்கள். மொத்தம் ஒன்பது கண். தோணி வரும்வரை உப்பைப் பெரும்பாலும் நாலாவது கண்ணில்தான் குவித்து வைப்பார்களாம். வருஷக்கணக்காக உப்புத் தண்ணீர் இறங்கி உள்ளே கம்பி எல்லாம் போயிருக்கும், மேலே கல் பதித்து மறைத்துவிட்டார்கள், மழை பெய்தால் அந்த இடத்தில் துருத்தண்ணீர் கசிகிறது, தினமும் கோலால் தட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். காலையில் அவர் தட்டிக்கொண்டே நடப்பதை நான் உடற்பயிற்சி என்று நினைத்திருந்தேன்.

“நாலாவது கண்ணச் சுத்திக் கயிறு கெட்டிரும். மறந்துராதியும்.”

மறக்கவில்லை. அந்த மனுஷன் பேச்சை முதல்முறையாக மதித்து ஒரு காரியம் செய்தேன். வாசலிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, நாலாவது கண்ணைச் சுற்றிக் கயிறு கட்டினேன். ஓரமாக ஆள் நடக்க மட்டும் வழி விட்டேன். மேடையை அங்கேதான் போடுவதாக இருந்தது. அதை இரண்டு கண் தள்ளி ஆறாவதில் போடச் சொன்னேன். நாற்காலிகளை ஐந்திலும் ஆறிலும் அடுக்கினார்கள். எங்கள் சங்கத் தலைவர், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கு இந்தக் கூத்து என்று முணுமுணுத்தார். பாதுகாப்பு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம். கட்டடத்தின் நிழல் தளம் முழுக்க விழுந்துவிட்டது. வாசல் பக்கத்துக் கண்களில் சாப்பாட்டு மேசைகள். மேடைமேல் பதினைந்து பிள்ளைகள் பாட்டுக்குக் குதித்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் என் மகள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மேடைக்கு முன்னால் தாய்மார்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நெருக்கமாக நின்றார்கள். நாற்காலியில் ஒன்றுகூடக் காலி இல்லை.

அவர் ஏரலிலிருந்து நேராக வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் கொடைப் பிரசாதம் வைத்த மஞ்சள் பை. நான் கட்டிய கயிற்றைப் பார்த்து என்னை நோக்கிச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பிறகு அவர் பார்வை தளம் நெடுகிலும் ஓடியது. அந்தக் கோடியிலிருந்து விரலை மடக்கி எண்ணினார். சிரிப்பு போய்விட்டது.

கிட்டே வந்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

“எங்கன இருந்து வே எண்ணினீரு?”

நான் வாசலைக் காட்டினேன்.

“அது இப்ப வச்ச வாசல்லா? வார்ஃபுக்கு வாசல் தெக்கதான். தெக்க இருந்துதான் எண்ணணும்.”

எனக்கு விளங்கச் சில நொடி ஆனது. பழைய சுங்க வாசல் தெற்குக் கோடியில் இருந்தது. கட்டுமானக்காரர் அதை அடைத்துவிட்டு வடக்கே வாசல் வைத்தார். வார்ஃபில் வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் முதல் கண் தெற்கே. தெற்கிலிருந்து நாலாவது என்றால் வடக்கிலிருந்து ஆறாவது. நல்ல கண்ணுக்குக் கயிறு கட்டிவிட்டு, கெட்ட கண்ணில் மேடை போட்டு, ஊரையே கூட்டி நிறுத்தியிருக்கிறேன். என் பிள்ளையை அதன்மேல் குதிக்க விட்டிருக்கிறேன்.

மைக்கைப் பிடுங்க ஓடினேன். என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த வயதில் அப்படி ஒரு பிடி.

“மைக்கத் தொடாதியும். சொன்னா ஓடுவாங்க. நிக்குத பாரம் ஒண்ணுன்னா ஓடுத பாரம் ரெண்டு. பாட்ட மட்டும் நிறுத்தும். பிள்ளைகள் குதிக்கக் கூடாது.”

ஸ்பீக்கருக்குப் போகும் வயரை நானே பிடுங்கினேன். பாட்டு நின்றது. பிள்ளைகள் ‘ச்சே’ என்று சலித்தபடி நின்றார்கள். என் மகள் இடுப்பில் கைவைத்து என்னை முறைத்தாள். கரண்டில் கோளாறு, ஐந்து நிமிஷம் என்று சாதாரணமாகச் சொன்னேன்.

அதற்குள் அவர் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டார். மேடைக்கு முன்னால் கடல் ஓரமாக நின்ற பெண்களிடம் போய், ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார். எத்தனை கிலோ இருப்பீர்கள்? என்ன செய்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர் கேட்டதும் ஒருத்தி முகத்தைச் சுளித்து நகர்ந்தாள். அடுத்தவள் சிரித்து மழுப்பிக்கொண்டு சாப்பாட்டுப் பக்கம் நடந்தாள். இரண்டு பேர் அவர் வருவதைப் பார்த்ததுமே நழுவினார்கள். யாரும் ஓடவில்லை. அவரிடமிருந்து தப்பிக்கிறவர்கள் எப்போதும் போகிற நடைதான். எந்தத் தொல்லைக்காக ஊர் அவரைக் கண்டு ஒதுங்கியதோ, அதே தொல்லையை வைத்து ஆட்களைக் கலைத்துக்கொண்டிருந்தார்.

ஏழெட்டுப் பேர் போயிருப்பார்கள். அப்போதுதான் வினை வந்தது. ஒரு வீட்டுக்குச் சென்னையிலிருந்து விருந்துக்கு வந்தவரின் மனைவியிடமும் கேட்டுவிட்டார். அந்த அம்மாளுக்கு அவரைத் தெரியாது. கணவர் எழுந்து வந்தார். ஆள் வாட்டசாட்டம். பெண்களிடம் கேட்கிற கேள்வியா இது, வயசுக்கு மரியாதை கொடுக்கிறேன், இல்லையென்றால் நடக்கிறதே வேறு என்று கத்தினார். சத்தம் கேட்டதும் ஐந்தாவது கண்ணில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வேடிக்கை பார்க்க ஆறாவதுக்கு வர ஆரம்பித்தார்கள். கலைந்ததைவிட அதிகமான கூட்டம் அங்கே சேர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் நான் ஒன்றுக்கும் உதவாத ஆளாக நின்றேன்.

அவர் கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கைகூப்பியபடி ஒரு அடி பின்னால் வைத்தார்.

“உமக்கும் சேத்துத்தான் கேக்கேன். நீரு எத்தன கிலோ?”

அந்த மனிதர் பாய்ந்தார். இவர் இன்னொரு அடி பின்னால் போனார். கூப்பிய கையை இறக்கவில்லை, கேள்வியையும் நிறுத்தவில்லை. ஒருமுறை கேட்பார், இரண்டு அடி பின்னால் வைப்பார். திட்டிக்கொண்டே அவர் பின்னால் அந்த மனிதர், அவரைப் பிடித்து இழுத்தபடி நாலு பேர், அவர்களுக்குப் பின்னால் மொத்தக் கூட்டம். சண்டை நடக்கும்போது எவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்? ஐந்தாவது கண்ணைத் தாண்டி நாலாவதை நோக்கி எல்லோரையும் முதுகுப்பக்கமாக நடந்தே கூட்டிப்போனார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போகாமல் நடந்துபோய் நான் கட்டிய கயிற்றை அவிழ்த்தேன். அவர் பின்னோக்கி நடந்தபடியே அதைத் தாண்டினார்.

நான் மேடைக்குத் திரும்பினேன். பிள்ளைகள் சண்டையைப் பார்க்கக் கீழே குதிக்கத் தயாராக நின்றார்கள். குதிக்கக் கூடாது, பந்தயம், யார் மெதுவாக நடந்து சாப்பாட்டு மேசைக்குப் போகிறார்களோ அவர்களுக்கு மக்ரூன் என்றேன். ஒவ்வொருவராகத் தூக்கி இறக்கிவிட்டேன். பதினான்கு பிள்ளைகளை இறக்கி முடித்தேன். கடைசியில் என் மகள்.

“அப்பா, கரண்ட் எப்பப்பா வரும்?”

அவளைத் தூக்கும்போது காலடியில் டக்கென்று ஒரு சத்தம். மேடைக்குப் பக்கத்தில் ஒரு தளக்கல் விரல் கனத்துக்கு எழும்பி நின்றது. அவளைக் கீழே விடவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டே ஐந்தாவது கண்ணுக்கு நடந்தேன். என் எடையும் அவள் எடையும் சேர்த்து எவ்வளவு என்று மனசு தானாகக் கூட்டியது.

நாலாவது கண்ணில் அந்த மனிதர் அவர் நெஞ்சைப் பிடித்துத் தள்ளிவிட்டார். அவர் மல்லாந்து விழுந்தார். மஞ்சள் பையிலிருந்து தேங்காய்முறி உருண்டது. யாரோ தள்ளியவரை இழுத்துப்போனார்கள். இவர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடி, நின்றவர்களின் கால்களுக்கு நடுவே ஆறாவது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் இல்லை என்று நான் தலையசைத்தேன். அதன்பிறகுதான் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று ஒன்றும் இடியவில்லை. அதனால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் புகார் வந்தது. விழாவில் பெண்களிடம் அநாகரிகமாக நடந்தார், விருந்தாளியை வம்புக்கு இழுத்தார் என்று பல வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கமிட்டி கூடியது. அவர் மன்னிப்பு எழுதித் தர வேண்டும், தராவிட்டால் பொது இடங்களுக்கு வரக் கூடாது என்று தலைவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். சொன்னால், பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது யார் என்ற கேள்வி வரும். மேடையைத் தள்ளிப் போட வைத்தது நான் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு கல் எழும்பியிருக்கிறது, தோண்டிப் பார்ப்பது நல்லது என்று மட்டும் சொன்னேன். கடிதத்தின் கீழே செயலாளர் என்று கையெழுத்திட்டேன்.

அவர் கடிதத்தோடு என் கடைக்கே வந்தார். பேனா வாங்கி, என் மேசையில் வைத்து, பெண்களிடம் எடை கேட்டது தவறுதான், மன்னிக்க வேண்டும் என்று பெரிய பெரிய எழுத்தில் எழுதி நீட்டினார்.

“நான் எழுதித் தந்துட்டேன். நீரும் ஒண்ணு எழுதித் தாரும். எங்கன இருந்து எண்ணினோம்னு. நாளைக்கு உம்ம எடத்துக்கு இன்னொருத்தன் வருவான், அவனும் அந்த வாசல்ல இருந்துதான் எண்ணுவான். மிச்சக் கண்ணுலயும் உப்பு போட்டிருக்கு.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரே தொடர்ந்து, தன்மேலும் தப்பு இருக்கிறது என்றார். சிக்னல் வாங்கினவனைத் திருப்பிச் சொல்லச் சொல்வதுதான் வார்ஃபில் வழக்கமாம். போனில் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுகிறீர் என்று என்னைத் திருப்பிச் சொல்ல வைத்திருக்க வேண்டும், விட்டுவிட்டேன் என்றார். அதைக் கேட்டபோது அவர் என்னை நாலு பேர் முன்னால் செருப்பால் அடித்திருக்கலாம் என்று தோன்றியது. நாளைக்கு எழுதித் தருகிறேன் அண்ணாச்சி என்றேன்.

தளத்தைத் தோண்டினார்கள். கம்பி இருந்த இடத்தில் சிவந்த பொடி இருந்தது. விரலால் கிள்ளினால் உதிர்ந்தது. கட்டுமானக்காரர் சத்தமில்லாமல் அந்த ஒரு கண்ணை மட்டும் புதிதாகக் கட்டிக்கொடுத்தார். எழும்பிய கல்லைக் கவனித்துப் பெரிய விபத்தைத் தடுத்த செயலாளர் என்று பொதுக்கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் போர்த்திக்கொண்டேன். அவருடைய மன்னிப்புக் கடிதம் சங்கத்துக் கோப்பில் இருந்தது, அந்தக் கூட்டத்தில் என் மேசைமேல்.

அதற்குள் அவர் முத்தையாபுரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். விழுந்ததில் இடுப்பில் அடி, அது ஆறவில்லை. ஒருமுறை பார்க்கப் போனேன். கட்டிலில் படுத்திருந்தார். எழுதினீரா என்று கேட்டார். இந்த வாரம் என்றேன். அதைத் திரும்பக் கேட்கவில்லை. கிளம்பும்போது, “எத்தன கிலோ இருப்பீரு இப்ப?” என்றார். எண்பத்திரண்டு என்றேன். சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். நான் சொன்ன எடையை அவர் ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அது எனக்கு இன்னும் தாங்கவில்லை.

போன மாதம் இறந்துபோனார். மகள் போன் செய்து சொன்னாள். போய் நின்றேன். பாடையைத் தூக்க நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். ஆளில் பாதிகூட இல்லை.

இந்த வருஷ ஆண்டுவிழாவுக்கு லிஃப்டில் அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. மேடை மூன்றாவது கண்ணில் என்று போட்டிருக்கிறார்கள். எந்தப் பக்கத்திலிருந்து மூன்று என்று எழுதவில்லை. இப்போது செயலாளர் வேறு ஒருவர். அவரிடமும் தலைவரிடமும் இங்கே எழுதியிருப்பதை இன்று காலை கொடுக்கிறேன், கோப்பில் அண்ணாச்சியின் மன்னிப்புக் கடிதத்தோடு சேர்த்து வைக்கச் சொல்லி.

வார்ஃபின் கண்களைத் தெற்கிலிருந்து எண்ண வேண்டும். ஒன்பதையும் தோண்டிப் பார்க்காமல் எதன்மேலும் கூட்டம் சேர்க்கக் கூடாது. அன்று வடக்கிலிருந்து எண்ணியவன் நான். பிள்ளைகளை ஆறாவதில் கொண்டுபோய் நிறுத்தியவன் நான். அவர்களை இறங்க வைத்தவர் அவர். என் எடை தொண்ணூற்றேழு கிலோ.